ஒழுகாத காருக்கு எளிய வழி: மயூர் விஹார் பதிப்பு

தேவையான பொருட்கள்: பதினான்கு வயதான கார் ஒன்று. அதற்கு அடியில், பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கறுப்புக் கறை. அந்தக் கறையைப் படம் எடுத்து சொசைட்டி வாட்ஸப் குழுவில் போடுவதற்கு ஒரு செக்ரட்டரி. பொறுமை, தேவையான அளவு. கேஸ்கெட், சீலன்ட் எல்லாம் கடைசியில் வாங்க வேண்டியவை. ஆனால் எல்லாரும் முதலில் வாங்குவது அவற்றைத்தான். நானும் அப்படித்தான் வாங்கினேன். இந்தக் குறிப்பை எழுதும் தகுதி எனக்கு அதனால் வந்தது.

முதல் வேலை, மறுப்பது. படம் குழுவில் வந்த மறு நிமிடமே "அது ஏசி தண்ணீர்" என்று பதில் போட்டுவிடுங்கள். தில்லியில் இந்தப் பதில் வருஷத்தில் மூன்று மாதம் செல்லும். காற்றில் இருக்கும் ஈரம் ஏசியின் குளிர்ந்த காயிலில் பட்டு நீராகி, சின்ன ரப்பர் குழாய் ஒன்றின் வழியாக வண்டிக்கு அடியில் சொட்டும். யமுனையே காற்றில் கரைந்து நிற்கும் ஆகஸ்ட் மாதத்தில் அது தாராளமாகச் சொட்டும், யாரும் கேட்க மாட்டார்கள். மே மாதம் லூ என்னும் அனல்காற்று அடிக்கும்போது காற்றில் ஈரம் ஏது? ஏசியும் பெரிதாகச் சொட்டாது. நான் பதில் போட்டது மே மாதத்தில். எதிர் ஃபிளாட்காரர் வானிலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மறுப்பு எடுபடாவிட்டால் குனியத்தான் வேண்டும். விரலால் தொட்டு வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். நிறமில்லாமல் உலர்ந்துபோனால் தண்ணீர்; பிழைத்தீர்கள். பச்சையாகவோ ரோஸாகவோ வழுவழுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் கூலன்ட். வாடைதான் இனிப்பு. உள்ளே இருக்கும் எத்திலீன் கிளைகால் விஷம், தெருநாய் நக்கினால் செத்துப்போகும், உடனே கழுவிவிடுங்கள். சிவப்பு என்றால் பவர் ஸ்டியரிங் ஆயிலாகவோ ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலாகவோ இருக்கலாம். பழுப்பு அல்லது கறுப்பு நிறம், பிசுக்கு, கருகிய வாடை மூன்றும் சேர்ந்தால் இன்ஜின் ஆயில். அந்தக் கறைக்காரர்கள் மட்டும் மேலே படிக்கலாம்.

இனி, எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஃபிளாட்டில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் ஹாலில் ஈரம் பூத்தால் குற்றவாளி உங்கள் ஹால் கிடையாது, மேல்மாடி பாத்ரூம். இன்ஜினிலும் அதே சட்டம். எண்ணெய் உச்சியில் கசியும், உடம்பெல்லாம் வழியும், வண்டி ஓடும்போது அடிக்கிற காற்றில் பின்பக்கம் தள்ளப்படும், கடைசியில் தாழ்வான ஏதோ ஒரு போல்ட்டின் நுனியில் கூடி நின்று சொட்டும். சொட்டுகிற இடத்தைப் பிடித்துக்கொண்டு அழுதால் போல்ட்டுக்கும் புரியாது, உங்களுக்கும் புரியாது. இன்ஜினைத் துடைத்துக் காயவிட்டு, சந்தேகப்படும் ஓரங்களில் முகப்பவுடரை லேசாகத் தூவுங்கள். அக்ஷர்தாம் வரை ஒரு நடை ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் நனைந்திருக்கும் இடங்களில் எது ஆக உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் ஊற்று. இரவில், ஆன்லைனில் ஏதாவது வாங்கிய அட்டைப்பெட்டியைப் பிரித்து அடியில் விரித்துவைத்தால், எந்தப் பக்கம் எத்தனை சொட்டு என்று காலையில் வரைபடமே கிடைக்கும்.

மொத்தச் செலவு பவுடர் மட்டும்தான். ஆகவே இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்து நேராக மெக்கானிக்கிடம் போய்விடுங்கள். அதுதான் வழக்கம்.

திரிலோக்புரி பக்கம் சாலையோர மர நிழலில் கடை வைத்திருப்பவரை 'உஸ்தாத்' என்று கூப்பிடுங்கள். 'பையா' என்றால் வேலை நடக்கும். 'உஸ்தாத்' என்றால் வேலையோடு சாயும் வரும். அவர் பானட்டைத் திறப்பார். பார்ப்பார். கடைப்பையன் சோட்டூவை ஸ்பானர் எடுத்துவரச் சொல்வார், ஆனால் அதை உபயோகிக்க மாட்டார். பிறகு மூன்றே சொல்லில் தீர்ப்பு வழங்குவார்: "அங்கிள்ஜி, பேக்கிங் கயீ." பேக்கிங் போச்சு.

இங்கே கேஸ்கெட் என்று சொன்னால் நீங்கள் புத்தகம் படித்தவர் என்று தெரிந்துவிடும், கூலி ஏறும். 'பேக்கிங்' என்பதே வழக்கு. அதில் எந்தப் பேக்கிங் என்பதுதான் சொத்துப் பிரச்சினை. தலைமேல் மூடியிருப்பது டேப்பட் கவர் பேக்கிங். அடிக்கடி கசிவதும் அதுதான், சுலபமாக மாறுவதும் அதுதான். அடியில் எண்ணெய்த் தொட்டியைச் 'சேம்பர்' என்பார்கள். அதற்கு ஒரு பேக்கிங். சுழலும் தண்டுகள் வெளியே வரும் முனைகளில் ஆயில் சீல். நடுவில், இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையில், ராஜா: ஹெட் கேஸ்கெட். இதற்கு மட்டும் உஸ்தாதும் மரியாதையாக கேஸ்கெட் என்றே சொல்வார். இது வீட்டுக் குக்கர் கேஸ்கெட்டின் பெரியப்பா. குக்கர் தாங்குவது வெளிக்காற்றைவிட ஏறக்குறைய ஒரு மடங்கு கூடுதல் அழுத்தம். ஹெட் கேஸ்கெட் தாங்குவது பல பத்து மடங்கு, அதுவும் ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான முறை. கூடவே எண்ணெய் ஒரு வழியிலும் தண்ணீர் இன்னொரு வழியிலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமல் போய்வரச் செய்ய வேண்டும்.

அந்தப் பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். எண்ணெய் பால் சாய் நிறத்தில் நுரைத்திருந்தால், கூலன்ட் காரணம் தெரியாமல் குறைந்துகொண்டே வந்தால், சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், ஹெட் கேஸ்கெட்மேல் சந்தேகப்படலாம். ஜனவரி காலை ஏழு மணிக்கு இந்தப் பரிசோதனையைச் செய்யாதீர்கள். அப்போது மயூர் விஹாரில் வண்டி, மனிதன், மாடு எல்லாரிடமிருந்தும் வெள்ளைப் புகைதான் வரும். மூடியின் உள்பக்கம் மட்டும் கொஞ்சம் வெண்ணெய் படிந்திருந்தாலும் அலறாதீர்கள். மெட்ரோ ஸ்டேஷன் வரை மட்டுமே ஓடும் வண்டிகளில் குளிர்காலத்தில் ஈரம் வற்றாமல் அப்படிப் படிவது உண்டு. எனக்கு இந்த விஷயம் தெரிவதற்குள் முதல் உஸ்தாத் ஹெட் கேஸ்கெட் என்று தீர்ப்பெழுதி, மூன்றாம் மாடி மாமா அதை உறுதி செய்து, மாமி "பேசாம வித்துடுங்கோ" என்று மேல்முறையீட்டையும் முடித்துவிட்டார்.

சரி, எந்த கேஸ்கெட்? ஊரில் இந்தக் கேள்விக்கு இன்ஜினைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். தில்லியில் முதலில் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்க வேண்டும். 2014இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 15 வருஷம் தாண்டிய வண்டிகள் இங்கே ஓடக் கூடாது என்றது. 2015இல் டீசல் வண்டிகளுக்கு 10 வருஷம் என்றது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதையே உறுதிப்படுத்தியது. 2025 ஜூலை 1 முதல் அப்படிப்பட்ட வண்டிகளுக்கு பங்க்கில் பெட்ரோலே கிடையாது என்று தொடங்கினார்கள், சில நாட்களிலேயே நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொந்தக்காரர்கள்மேல் கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. கதை அதோடும் நிற்கவில்லை. ஆக, உங்கள் பெட்ரோல் வண்டிக்குப் பதினான்கு வயது ஆகிவிட்டிருந்தால், பத்து வருஷம் உழைக்கும் பேக்கிங்கைப் போடுவது, வாடகை வீட்டுக்கு கிரானைட் போடுவது மாதிரி. என்.ஓ.சி. வாங்கி வண்டியைத் திருச்சிக்கு அனுப்பப் போகிறீர்களா, அப்படியென்றால் நல்லதாகவே போடுங்கள், வாங்கப்போவது மச்சினர்தானே.

வயதுக் கணக்கு முடிந்தபின் வகை. தக்கை, அதாவது கார்க், மலிவு. கோணல்மாணலான தகட்டு மூடிகளோடும் ஒத்துப்போகும். ஆனால் சூட்டில் உலர்ந்து சுருங்கி, சில வருஷத்தில் பிஸ்கட் மாதிரி உடையும். வார்த்த ரப்பர் அதைவிட நீடிக்கும். அதுவும் சூடு தின்று தின்று வளையல் மாதிரி விறைத்த பிறகு கசியும். தண்ணீர் பம்ப் போன்ற இடங்களுக்குக் காகித வகை ஷீட். கிடைக்காத அளவென்றால் உஸ்தாத் ஷீட்டை அந்தப் பாகத்தின் மேலேயே விரித்து, விளிம்பு நெடுகச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி வெட்டி எடுப்பார். பார்க்க வேண்டிய காட்சி அது. அளவுகோல் கிடையாது, பென்சில் கிடையாது, ஓட்டைகூட அச்சாக விழும். ஹெட்டுக்குக் கிராஃபைட் கலந்தது, அல்லது ஸ்டீல் தகடுகளை அடுக்கிய பல அடுக்கு வகை. பல அடுக்கு ஸ்டீல்தான் உயர்ந்தது என்று வாங்கிக்கொண்டு ஓடாதீர்கள். அது கண்ணாடி மாதிரி வழவழவென்று இழைத்த பரப்பைக் கேட்கும். பழைய, சுரண்டப்பட்ட ஹெட்டில் உட்கார மறுக்கும். அந்த விஷயத்தில் கிராஃபைட் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற சுபாவம்.

வாங்குவதற்கு காஷ்மீரி கேட் போக வேண்டும். ஒழுகுகிற காரில் போகாதீர்கள், வழி தெரிந்துகொண்டே வரும் என்றாலும். மயூர் விஹார்-1இல் நீலத் தடத்தில் ஏறி மண்டி ஹவுஸில் ஊதாவுக்கு மாறினால் கொண்டுபோய் விடும். 1857 செப்டம்பரில் ஆங்கிலேயப் படை வெடி வைத்துத் தகர்த்த வாசல் அது. இன்று அதன் பக்கத்துச் சந்துகளில், முடியிழை அளவு இடைவெளியை அடைப்பதற்கான பொருட்கள் மாடி மாடியாக அடுக்கியிருக்கின்றன. கடைக்காரரிடம் மூன்று வகை இருக்கும். ஒன்று ஒரிஜினல். ஒன்று 'ஒரிஜினல் ஜைசா', ஒரிஜினல் மாதிரி. மூன்றாவதை விலை சொல்லாமலே மேஜைக்கு அடியிலிருந்து எடுத்து, நீங்கள் எழுந்து போகும்போது காட்டுவார். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கழற்றிய பழைய பேக்கிங்கைக் கையில் கொண்டுபோய் ஓட்டைக்கு ஓட்டை பொருத்திப் பாருங்கள். வண்டியின் பெயரைச் சொல்லி வாங்கினால் போதாது. ஒரே பெயரில் வருஷத்துக்கு ஒரு இன்ஜின் வரும் காலம் இது. பெட்டியில் டால்ப்ரோஸ் என்று இருந்தால் அது யமுனைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் பக்கத்து ஊர்ச் சரக்குதான். 1956இல் தொடங்கிய கம்பெனி, ஃபரீதாபாத்.

சீலன்ட் வாங்க மட்டும் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆசார்ய நிகேதன் பக்கத்துக் கடைகளில் விசாரித்தாலே போதும். எங்கள் பகுதி மெக்கானிக்குகள் இதை சீலன்ட் என்று சொல்லி நான் கேட்டதில்லை. எந்த கம்பெனிப் பசையானாலும் அவர்களுக்கு 'அனபாண்ட்'. அது சென்னைக் கம்பெனி என்று நான் சொன்னபோது உஸ்தாத் நம்பவில்லை. மதராஸிலிருந்து இட்லிதான் வரும் என்று நினைத்திருந்தார். ஃபரீதாபாத் பேக்கிங், சென்னைப் பசை, நடுவில் பீகார்க்காரரின் ஸ்பானர். தேசிய ஒருமைப்பாட்டுக்கு இதைவிட இறுக்கமான உதாரணத்தை நான் குடியரசு தின அணிவகுப்பில்கூடப் பார்த்ததில்லை.

கடைக்குப் போனதும் நிறம் கேட்பார்கள். மேட்சிங் பிளவுஸ் வாங்குவது போல இன்ஜின் நிறத்துக்குப் பொருத்தமாக எடுத்துவிடாதீர்கள். (எடுத்தேன். சாம்பல்.) கறுப்பு பொதுவாக எண்ணெய் படும் இடங்களுக்கு. சிவப்பு அதிகச் சூட்டுக்கு. சாம்பல் விறைப்பாக இறுகும், முறுக்கிப் பூட்டிய கெட்டியான இணைப்புகளுக்கு. ஆனாலும் கம்பெனிக்குக் கம்பெனி நிறச் சாத்திரம் மாறும். டியூபின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருப்பதே பிரமாணம். இந்தச் சிலிக்கான் வகைகளுக்கு ஆர்.டி.வி. என்று பெயர். அறைச் சூட்டிலேயே, காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து இறுகுபவை. மூடியைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால், இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும் வகை. அலுமினியத்தையும் செம்பையும் அரிக்கும், சைலன்சர் வழியில் இருக்கும் ஆக்சிஜன் சென்சரையும் கெடுக்கலாம். மீன்தொட்டிக்கு வாங்கியது மீந்திருக்கிறதே என்று காரில் பூசுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 'சென்சர் சேஃப்' என்று போட்டிருப்பதை வாங்குங்கள். எதுவானாலும் பெட்ரோல் நேரடியாகப் படும் இடத்தில் சிலிக்கான் ஆகாது, ஊறி உப்பிவிடும்.

இன்னொரு ஜாதி உண்டு. காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை கொழகொழவென்றே இருக்கும். இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவில், காற்றே இல்லாத இடுக்கில் மாட்டிக்கொண்டால்தான் இறுகும். இரண்டு ஜாயின்ட் செக்ரட்டரிகளுக்கு நடுவில் மாட்டிய செக்‌ஷன் ஆபீசர் மாதிரி. பேக்கிங்கே இல்லாமல் கெட்டியான இரண்டு பாகங்கள் நேருக்கு நேர் உட்காரும் இடத்துக்கு அது நல்லது. தகட்டு மூடிக்கு உதவாது. மற்றபடி சமையலறையில் தண்ணீர்க் குழாய்க்கு வாங்கிய எம்-சீல் மீதம் இருந்தால், அது சமையலறையிலேயே இருக்கட்டும்.

எவ்வளவு பூச வேண்டும்? இந்த ஒரு கேள்விக்குத் தமிழ் வீட்டில் வளர்ந்தவர்கள் மற்ற தில்லிவாசிகளைவிட நன்றாகப் பதில் சொல்லலாம். சிக்குக் கோலம் நினைவிருக்கிறதா? போல்ட் ஓட்டைகளைப் புள்ளிகளாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று மி.மீ. கனத்தில் ஒரே இழை, புள்ளிகளின் உள்பக்கமாக வளைந்து வளைந்து போய், எங்கும் அறுபடாமல், புறப்பட்ட இடத்திலேயே வந்து முடிய வேண்டும். படிக்கோலத்துக்குச் செம்மண் பூசுவது போல அப்பினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். மூடியை இறுக்கும்போது மிஞ்சிய பசை இரண்டு பக்கமும் பிதுங்கும். வெளியே பிதுங்கியது உங்கள் கண்ணுக்குத் தெரியும், 'நிறைய போட்டிருக்கிறான், நல்ல மனுஷன்' என்று தோன்றும். உள்ளே பிதுங்கியது புழு மாதிரி இறுகி, ஒருநாள் அறுந்து, சேம்பரில் எண்ணெய் உறிஞ்சும் வலையில் போய் அடைத்துக்கொள்ளும். எண்ணெய் வெளியே ஒழுகாது. உள்ளே ஏறவும் ஏறாது. ஒழுகலை நிறுத்துவதற்கு இதைவிடச் சிறந்த, செலவு மிகுந்த வழி இல்லை.

ஹெட் கேஸ்கெட்டுக்கும் வார்த்த ரப்பருக்கும் உற்பத்தியாளர் சொன்னாலொழியப் பசையே வேண்டாம். ரப்பருக்கு இரண்டு பாகங்கள் கூடும் மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு. நான் இதை உஸ்தாதிடம் சொன்னபோது, "அங்கிள்ஜி, தசல்லி கே லியே" என்றார். நம்ம நிம்மதிக்கு. என் டேப்பட் கவரில் ரப்பர் பேக்கிங்கின் மேலும் கீழும் அந்த நிம்மதி பூசப்பட்டது. இரண்டு மாதத்தில் வழுக்கிக்கொண்டு ஒரு பக்கம் வெளியே எட்டிப்பார்த்தது.

பூசுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை யாரும் செய்வதில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: துடைப்பது. பழைய பேக்கிங், பழைய பசை, எண்ணெய்ப் படலம் மூன்றும் முழுக்கப் போக வேண்டும். எண்ணெய் இருக்கும் இடத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. விபூதி இடுவதற்கு முன் நெற்றியில் எண்ணெய் இருந்தால் தெரியுமே, அதேதான். சுரண்டுவதற்கு பிளாஸ்டிக்கோ மரச் சில்லோ போதும்; அலுமினியத்தில் பிளேடு கீறினால் அந்தக் கீறலே அடுத்த வாய்க்கால். மிகப் பழைய வண்டிகளின் பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததுண்டு. உலர்வாகச் சுரண்டி வாயால் ஊதாதீர்கள், நனைத்துச் சுரண்டுங்கள். ஹெட்டைக் கழற்றியிருந்தால் நேரான இரும்புப் பட்டையை அதன் மேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். சின்ன இன்ஜின்களில் 0.05 மி.மீ. அளவு நெளிவுக்கே கடைசலுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் உலோகம். ஒருமுறை கொதித்துப்போன வண்டியில் ஹெட் நெளியாமல் இருந்தால் அது பூர்வ புண்ணியம்.

இறுக்குவதற்கு மிருதங்கக்காரர்களைப் பாருங்கள். சுருதி சேர்க்கும்போது ஒரு தட்டு இங்கே என்றால் அடுத்தது எதிர்ப்பக்கம். ஒரே இடத்தில் நாலு தட்டுத் தட்டினால் சுருதி ஓடிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். ஹெட் போல்ட்டுகளை நடுவில் தொடங்கி, எதிரெதிராக, வெளிப்பக்கம் போய், இரண்டு மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக, டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். சில இன்ஜின்களில் போல்ட்டுகள் இறுக்கும்போதே நீளும் வகை. அவற்றைக் கழற்றினால் திரும்பப் போடக் கூடாது. உஸ்தாதிடம் டார்க் ரெஞ்ச் இருக்கிறதா என்று கேட்டால் தன் வலது கையைக் காட்டுவார். ஹெட்டுக்கு அந்தக் கை போதாது, டேப்பட் கவருக்கு அந்தக் கை மிக அதிகம். மெல்லிய தகட்டு மூடியை அந்த முறுக்கு முறுக்கினால் போல்ட் இருக்கும் இடம் குழிந்து, நடு இடம் தூக்கிக்கொண்டு சிரிக்கும்.

பிறகு காத்திருக்க வேண்டும். ஆர்.டி.வி.யின் மேல்தோல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பிடித்துவிடும். அதற்குள் மூடியை வைத்துப் பூட்டிவிட வேண்டும். முழுக்க இறுகுவதற்குப் பொதுவாக 24 மணி நேரம். வடக்கே இந்த 24 மணி நேரத்தை எந்தக் கடையிலும் விலைக்குத் தருவதில்லை. "ஸ்டார்ட் கரோ, தேக்தே ஹைன்." ஸ்டார்ட் பண்ணுங்கள், பார்க்கலாம். நீங்களும் காலை நொய்டா ஆபீசுக்குப் போக வேண்டியவர்தான். ஸ்டார்ட் செய்யுங்கள். எண்ணெய் அழுத்தம் பச்சைப் பசையில் ஒரு ஊசித் துளை போட்டுக்கொண்டு வெளியே வரும். அடுத்த முறை சந்திக்கலாம்.

இந்த இடத்தில்தான் மாமி உதவிக்கு வந்தார். "குக்கர் கேஸ்கெட் லூஸ் ஆனா நான் ஃப்ரீசர்ல வச்சு எடுப்பேன், கச்சுனு உக்காந்துடும். உங்க கார் கேஸ்கெட்டையும் குடுங்கோ." குக்கர் விஷயத்தில் மாமியோடு வாதாட எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ரப்பரும் குளிரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை உலகமே பார்த்த ஒரு நாள் இருக்கிறது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73ஆவது விநாடியில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். கிளம்பியது மிகக் குளிரான காலை. ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையங்கள் விறைத்து, இடைவெளியைச் சட்டென்று அடைக்க முடியாமல் போனது. இரண்டு வாரம் கழித்து விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன், அந்த ரப்பரில் ஒரு துண்டைக் கிடுக்கியில் அழுத்தி, மேஜையில் இருந்த ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்துக் காட்டினார். கிடுக்கியைத் தளர்த்தினபிறகும் ரப்பர் பழைய வடிவுக்கு நிமிரவில்லை. தில்லியில் மே மாதம் 45 டிகிரியில் வெந்து, ஜனவரியில் நாலு டிகிரியில் விறைக்கும் ரப்பருக்கும் அதே விதி. குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கசிந்து, சூடானதும் நின்றுபோகும் ஆயில் சீல்கள் உண்டு. ஜனவரியில் இன்ஜினை அலறவிடாமல் ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டால் அவையும் கொஞ்ச நாள் கூடத் தாங்கும். மாமியிடம் ஃபெயின்மனைச் சொன்னேன். "அவருக்கு எந்தக் குக்கர்?" என்றார்.

குக்கரை எடுத்துவிட்டோம், இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் குறிப்பில் பணம் மிச்சப்படுத்தும் ஒரே பத்தி இதுதான். வெயிட்டின் துளையில் பருப்பு அடைத்துக்கொண்டால் குக்கர் கேஸ்கெட் எத்தனை புதிதாக இருந்தாலும் ஓரத்தில் சீறும். நீங்கள் கேஸ்கெட்டைத் திட்டுவீர்களா? பிஸ்டன் ஓரமாகத் தப்பி வரும் புகை இன்ஜினின் வயிற்றில் சேராமல் வெளியேற ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதில் பி.சி.வி. வால்வு என்று ஒரு சின்ன உருப்படி. அதில் கசடு அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த இணைப்பு இளைத்திருக்கிறதோ அதன் வழியாக எண்ணெயைத் தள்ளும். நீங்கள் டேப்பட் கவர் பேக்கிங்கை மாற்றினால் சேம்பரில் கசியும். சேம்பரை மாற்றினால் ஆயில் சீலில். பேக்கிங் பேக்கிங்காக மாற்றிக்கொண்டே போகலாம், கடைக்காரர் வீட்டில் விளக்கெரியும். பல வால்வுகளைக் கழற்றிக் காதோரம் ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். என்னுடையது மௌன விரதத்தில் இருந்தது.

அதையும் மாற்றினேன். கறை குறைந்தது, நிற்கவில்லை. இதற்குள் டேப்பட் கவர் பேக்கிங் இரண்டு முறை, சேம்பர் பேக்கிங் ஒரு முறை, சாம்பல் டியூப் ஒன்று, கறுப்பு டியூப் ஒன்று, உத்தர குருவாயூரப்பன் கோயிலில் ஒரு அர்ச்சனை. செக்ரட்டரி என் இடத்துக்கு நேர் மேலே, தூணில், ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்.

அட்டைப்பெட்டியை அடியில் விரித்தது அன்றைக்குத்தான். துடைத்து, பவுடர் தூவி, ஓட்டி, படுத்துப் பார்த்தேன். சேம்பரின் ஓரம் முழுக்கக் காய்ந்திருந்தது. கவர் காய்ந்திருந்தது. நனைந்திருந்தது ஒரே இடம்: சேம்பரின் அடியில், பழைய எண்ணெயை வடிக்கத் திறக்கும் டிரெயின் போல்ட். அதற்கும் சேம்பருக்கும் நடுவில் ஒரு செம்பு வாஷர் உண்டு. ஒருமுறை இறுக்கினால் நசுங்கி அந்த இடத்துக்கென்றே வடிவம் கொள்ளும். ஆயில் மாற்றும்போதெல்லாம் புதிது போட வேண்டும். என் வண்டியில் பதினான்கு வருஷமாக ஒரே வாஷர், தகடாகி, ஒரு பக்கம் விரிந்து. ஆயில் மாற்றிய ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில் நின்று சாய் குடித்துக்கொண்டிருந்தேன்.

புது வாஷரின் விலை ஒரு பிளேட் கோல்கப்பேயைவிடக் குறைவு. பசை வேண்டாம், காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை ஆயில் மாற்றும்போது சாயைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, "உஸ்தாத், டிரெயின் போல்ட் கா வாஷர் நயா டாலியே", வாஷரைப் புதிதாகப் போடுங்கள், என்று சொல்லுங்கள். பழைய வாஷரைக் கையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கவில்லை என்றால் மாற்றவில்லை.